பாப்பி விதையும் படுவான்கரை மண்ணும்



வீட்டுப் பூந்தோட்டத்தைப் பற்றிச் சில சொல்லுமாறு வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டபொழுது நான் சற்றுத் தயங்கினேன். நான் விவசாய அதிகாரியல்லன். தாவர நூல் முறையாகக் கற்றவனுமல்லன். கலைப் பட்டதாரியாகி, ஆசிரியனாகி, இன்று வவுணதீவுப் பகுதியில் அரசினர் பாடசாலையொன்றின் அதிபராக இருப்பவன். அன்றியும், இன்று பேச எடுத்துக்கொண்ட செடியை மூன்று முறை விதைத்து, இரண்டு முறை முற்றாகத் தோற்றவன். தோற்றவன் சொல்லும் செய்தியும் சிலருக்குப் பயன்படலாம் என்னும் துணிவினாலேயே ஒலிவாங்கியின் முன் அமர்ந்திருக்கின்றேன்.

அந்தச் செடியின் பெயர் பாப்பி. மலைநாட்டுப் பூந்தோட்டங்களையும் மேனாட்டுப் படங்களையும் பார்த்தவர்கள் இதனை அறிவர். மெல்லிய நீண்ட தண்டின் நுனியில், பட்டுத்துணியைக் கசக்கி விரித்தாற்போன்ற நான்கு இதழ்களோடு செக்கச்செவேலென்று நிற்கும் மலர் அது.

பாப்பி என்றவுடன், "கசகசாச் செடியா, சேர்?" என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. இங்கேதான் முதற் குழப்பம். தமிழ்நாட்டுச் சமையலறையில் கசகசா என்று அரைத்துக் குழம்பிற் சேர்ப்பது அபினிச் செடியின் வெண்ணிற விதை. அது பாப்பி இனத்தைச் சேர்ந்ததே. நம் நாட்டுக் கடையிற் கசகசா என்று கேட்டாலோ, சர்பத்திலும் பலூடாவிலும் ஊறி வழவழவென்று மிதக்கும் கரிய விதையையே நிறுத்துத் தருவார்கள். நோன்பு மாதத்திற் காத்தான்குடிக் கடைத்தெருவில் அதனை அருந்தாதவர் எம்மவருள் மிகச் சிலரே. அது திருநீற்றுப்பச்சையின் விதை. பாப்பிக்கும் அதற்கும் எவ்வித உறவுமில்லை. எங்கள் பாடசாலையில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், நான் பாப்பியைப் பற்றி வகுப்பிற் சொன்னதைக் கேட்டு, கடையிற் கசகசா வாங்கி, வீட்டிற் பாத்தி கட்டி, விதைத்துவிட்டான். விதை அருமையாக முளைத்தது. இரண்டு மாதம் கழித்து, "சேர், பூ வரவில்லை, வாசம் மட்டும் வருகின்றது" என்று ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு வந்து நின்றான். நான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அன்றைக்கு என் பாத்தியில் அந்த அளவுகூட முளைத்திருக்கவில்லை.

பாப்பி என்பது ஒரு செடியின் பெயரன்று. பெரியதொரு குடும்பத்தின் பெயர். அக்குடும்பத்தில் அபினிச் செடியும் உண்டு. அதனை உரிமமின்றிப் பயிரிடுவது இலங்கைச் சட்டப்படி குற்றம். அழகுக்காக நட்டேன் என்று சொல்லித் தப்ப இயலாது. ஆகவே விதை வாங்குவோர் பொட்டலத்தில் எழுதியிருக்கும் பெயரை நன்கு படித்தே வாங்குதல் வேண்டும். நான் விதைத்தது, ஐரோப்பியக் கோதுமை வயல்களிற் களையாகத் தானே முளைக்கும் சிவந்த பாப்பி. 'பப்பாவர் றோயாஸ்' என்பது தாவர நூலார் அதற்கு இட்ட பெயர். அதில் அபின் இல்லை.

அக்குடும்பத்தின் இன்னோர் உறவினன் நம் தெருவோரத்திலேயே குடியிருக்கின்றான் என்பதைப் பலர் அறியார். சாம்பல் பூத்த முள்ளிலையும் மஞ்சட் பூவும் கொண்டு, வறண்ட நிலத்தில் எவர் தயவுமின்றி நிற்கும் பிரமதண்டுதான் அது. தண்டை ஒடித்தால் மஞ்சட் பால் வடியும். அமெரிக்கக் கண்டத்து வெப்ப நாடுகளிலிருந்து வந்து நம் மண்ணில் ஊன்றிக்கொண்ட செடி. பார்ப்பதற்கு அழகுதான், ஆயினும் வீட்டில் வளர்க்கும்படி நான் சொல்லமாட்டேன். அதன் விதை கடுகைப் போலிருக்கும், நச்சுத்தன்மை உடையது. 1998 ஆம் ஆண்டு டெல்லியில், கடுகெண்ணெயில் இந்த விதையின் எண்ணெய் கலந்ததனால் ஏராளமானோர் உடல் வீங்கி நோயுற்றனர், பலர் இறந்தனர். சிறு பிள்ளைகள் உள்ள வளவில் அது வேண்டாம்.

இனி, வாவிக்கரையில் வாழும் ஒருவன் குளிர்நாட்டுப் பூவொன்றிற்கு ஏன் ஆசைப்படவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் இதையே கேட்டார். அதற்கு விடை சொல்ல, சற்றுத் தூரம் போய்வர வேண்டும்.

முதலாம் உலகப் போரில், பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் சமவெளியை எறிகணைகள் உழுது புரட்டின. புல்லும் மரமும் அழிந்த அந்நிலத்தில் அடுத்த இளவேனிலில் எங்கும் சிவப்பாகப் பாப்பி மலர்ந்தது. எவரும் விதைக்கவில்லை. பாப்பியின் விதை மண்ணுக்குள் ஆழப் புதைந்துவிட்டால் முளைக்காது. பல பத்தாண்டுகள் உயிரோடு உறங்கிக் கிடக்கும். மண் கிளறப்பட்டு, வெளிச்சம் அதன்மேற் பட்டால், அன்றுதான் கண் விழிக்கும். உழவனின் ஏர் செய்யும் வேலையை அங்கு பீரங்கி செய்தது. 1915 ஆம் ஆண்டில் ஜோன் மக்கிரே என்னும் கனடிய இராணுவ வைத்தியர் அந்தப் பூக்களைப் பாடிய கவிதை உலகெங்கும் பரவியது. அதனைப் படித்து உருகிய மொய்னா மைக்கேல் என்னும் அமெரிக்கப் பெண்மணி, 1918 இல் இறந்தோர் நினைவாகப் பாப்பி அணியும் வழக்கத்தைத் தொடங்கினார். 1921 முதல் பிரித்தானியாவிலும் நவம்பர் 11 ஆம் நாளுக்குரிய மலராகப் பாப்பி ஆயிற்று.

பிரித்தானியர் ஆண்ட நம் நாட்டிலும் அந்நாளிற் காகிதப் பாப்பி விற்கப்பட்டது. சேர்ந்த பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியப் படைவீரர்களின் நலனுக்கே போனது. அதே போரிற் பணியாற்றிய இலங்கையருக்குக் கிடைத்தது சொற்பம். இதனை எதிர்த்து 1931 இல் ஏலியன் பெரேரா என்பவர், பாப்பிக்குப் பதிலாகச் சூரியமல்லை விற்கும் முயற்சியைத் தொடங்கினார். 1933 இல் தென்கொழும்பு இளைஞர் கழகத்தார் அதனை மீண்டும் எடுத்து நடத்தினர். இங்கிலாந்திலிருந்து வந்து நம் நாட்டில் ஆசிரியையாக இருந்த டொரீன் யங் அம்மையார், 'பூக்களின் போர்' என்னும் பொருள்பட ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதி அந்த இயக்கத்திற்கு வலுவூட்டினார். அதன் தலைவியாகவும் ஆனார். அடுத்து, 1934 இலும் 1935 இலும் மலேரியாக் காய்ச்சல் நாட்டைப் பாழாக்கியபோது, இந்த இயக்கத்தினர் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் கொண்டு சென்றனர். ஒரு பூவைப் பற்றி எழுந்த வழக்கு இவ்வளவு தூரம் போயிற்று.

சூரியமல் வேறு எதுவுமன்று, நமது பூவரசம்பூவே. காலையில் மஞ்சளாக விரிந்து, மாலையிற் செந்நிறமாகி வாடும் பூ. வாவிக்கரை நெடுகிலும் நிற்பது. இலையைச் சுருட்டிச் சிறுவர் குழல் ஊதுவது. பாப்பியை நாடுவதற்கு முன், அதனை எதிர்த்து நின்ற பூ என் வீட்டு வேலியிலேயே இருப்பதை நானும் அறிந்திருந்தேன். ஆயினும் ஆசை விடவில்லை. உறங்கும் விதை என்ற அச்செய்தி என் மனத்தைப் பிடித்துக்கொண்டது. அதற்குக் காரணமும் உண்டு. சற்றுப் பின்னர் சொல்லுகின்றேன்.

சில ஆண்டுகளின் முன், ஒரு சித்திரை விடுமுறையில் மாணவர்களை அழைத்துக்கொண்டு ஹக்கலைப் பூந்தோட்டத்திற்குச் சென்றேன். 1861 இல் சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்ப்பதற்காக ஏற்படுத்தப்பட்டு, பின்னர் பூங்காவாக வளர்ந்த இடம் அது. ஏறத்தாழ 1,700 மீற்றர் உயரத்தில் உள்ளது. திரும்பும் வழியில் நுவரெலியாவில் ஒரு வீட்டு முற்றத்திற் பாப்பி பூத்திருந்தது. விதைக் கடையொன்றில் ஒரு பொட்டலம் வாங்கினேன். நெருப்புப்பெட்டி அளவுதான்; ஆனால் பாப்பி விதை ஒரு கிராமில் ஏறத்தாழ 10,000 இருக்கும். ஊரையே சிவப்பாக்கிவிடலாம் என்று எண்ணிக்கொண்டு வலையிறவுப் பாலத்தைக் கடந்தேன்.

வந்த மறுநாளே விதைத்தேன். பேராசை பொறுமையை அறியாது அன்றோ! பயறு போடுவதைப்போல விரலாற் குழி செய்து, விதையிட்டு, மேலே ஓர் அங்குலம் மண் மூடி, இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினேன். சித்திரைப் பகலில் எங்கள் பக்கத்தில் வெப்பம் 32 பாகையைத் தொடும். ஒரு மாதம் பார்த்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. கச்சான் காற்று எழுந்து பாத்தியின் மேல் மண்ணையும் வாரிக்கொண்டு போயிற்று.

பின்னர்தான் இது பற்றிப் படித்தேன். விதைப்பதற்கு முன் படிக்கவேண்டியவற்றை விதைத்த பின் படிப்பது ஆசிரியர் குலத்துக்கே உரிய குறை போலும். பாப்பி முளைப்பதற்கு 15 முதல் 20 பாகை வரையான குளிர்ச்சி வேண்டும். கடல்மட்டத்திலிருந்து மேலே போகப்போக, ஆயிரம் மீற்றருக்கு ஆறு அல்லது ஆறரைப் பாகை வீதம் வெப்பம் குறையும். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருப்பதால், எங்கள் ஊருக்கும் அதற்கும் ஏறக்குறைய 12 பாகை வேற்றுமை. அவர்களுக்கு ஆண்டு முழுவதும் இருக்கும் வானிலை, எங்களுக்கு மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையிற்கூட முற்றாகக் கிட்டுவதில்லை. அப்பொழுதும் இரவில் 23 பாகை அளவு இருக்கும். இரண்டாவது, அந்த விதைக்கு வெளிச்சம் வேண்டும். அதனை மண்ணால் மூடுவது முளைக்காதே என்று சொல்லி உள்ளே அனுப்புவதற்கு ஒப்பாகும். நான் இரண்டு பிழைகளையும் ஒருங்கே செய்தேன்.

இரண்டாவது முயற்சி அவ்வாண்டு ஐப்பசியில். முதல் மழை பெய்து நிலம் குளிர்ந்தது, பெரும்போகத்துக்கு வயல்களெல்லாம் விதைத்தார்கள், நானும் விதைத்தேன். இம்முறை மண் மூடவில்லை. விதையை ஆற்று மணலோடு கலந்து, மேற்பரப்பிலே தூவி, உள்ளங்கையால் அமுக்கி விட்டேன். எட்டாம் நாள் பச்சை நூல் போலச் சில முளைகள் தோன்றின. பத்தாம் நாள் இரவு வாடை மழை கொட்டியது. மறுநாட் காலையிற் பாத்தி தட்டையாக, கழுவிய சட்டிபோல இருந்தது. மட்டக்களப்பில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையிற் கொட்டித் தீர்ந்துவிடும் என்பதைப் பாடப்புத்தகத்திற் கற்பிக்கும் நான், அதனை மறந்துபோனேன்.

ஆயினும் அந்தப் பாத்தி வெறுமையாக இருக்கவில்லை. இரண்டு வாரங்கழித்து அதில் வேறொன்று முளைத்தது. இரட்டை இலை விட்டு, தடித்த தண்டோடு, ஓரிரண்டல்ல, நாற்பது ஐம்பது. கண்டதும் அறிந்துகொண்டேன். காசித்தும்பை.

அது என் தாயாரின் பாத்தி. கிணற்றடியிலிருந்து வடிந்துவரும் தண்ணீரைக் கால் கட்டித் திருப்பி, ஆண்டுதோறும் அங்கே காசித்தும்பை வளர்ப்பார். வெள்ளை, ஊதா, சிவப்பு என மூன்று நிறம். காசித்தும்பையின் காய் முற்றிவிட்டால், தொட்டவுடன் வெடித்து விதையைச் சிதறும். சிறுவர்களாகிய எங்களுக்கு அதைவிட வேறு விளையாட்டு வேண்டியதில்லை. "முத்தின காயில கை வைக்காத மகன், விதை எல்லாம் போயிரும்" என்பார். நாங்கள் கை வைக்காமல் இருந்ததில்லை. அவரும் காய்களைச் சேலைத் தலைப்பிற் பொதிந்து முறித்து, விதையைச் சிறு போத்தலில் இட்டு, சாம்பல் கலந்து வைப்பார்.

வெளியூரிலுள்ள நேயர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும், வவுணதீவு உள்ளிட்ட மேற்கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவர். ஞாயிறு எழும் கரை ஒன்று. படும் கரை மற்றது. 2007 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் போர் படுவான்கரையை வந்தடைந்தது. வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிப் பகுதிகளிலிருந்து மக்கள் பல்லாயிரக்கணக்கில் எழுவான்கரைக்குச் சென்றனர். நாங்களும் சென்றோம். என் தாயார் வீட்டுச் சாவியை எடுத்தார். விதைப் போத்தலை எடுக்க மறந்தார். பாலத்தைக் கடந்த பின் அதை நினைத்து, திரும்பிப் போகவேண்டும் என்றார். போகக்கூடிய நிலை இல்லை. காசித்தும்பை அப்பொழுது காய் முற்றி நின்றது.

மே மாதத்தில் மீள்குடியேற்றம் தொடங்கியது. ஊரவர் பகுதி பகுதியாகத் திரும்பினர். தாயார் நோயுற்றிருந்தமையால் நாங்கள் உடனே திரும்பவில்லை. அவ்வாண்டு ஆவணியில், உறவினர் வீட்டில், அவர் காலமானார். புரட்டாதி இறுதியில் நான் வளவுக்கு வந்தேன். கூரையிற் பாதி இல்லை. கிணற்றைச் சுற்றிப் புல் இடுப்பளவு நின்றது. அடுக்களையில் இருந்த போத்தல் உடைந்து, விதையை எறும்பு கொண்டுபோயிருந்தது. ஐப்பசி மழைக்குப் பின் புல்லைச் செதுக்கினேன். பத்து நாளில், புல் இருந்த இடத்தில் அந்த இரட்டை இலைகள் எழுந்தன. ஆட்கள் இல்லாத நாட்களிற் காய் தானே வெடித்து, விதை தானே விழுந்து, கோடை முழுவதும் மண்ணிற் கிடந்திருக்கின்றது. மார்கழியில் மூன்று நிறமும் பூத்தன.

பிளாண்டர்ஸ் பாப்பியின் கதையைப் படித்தபோது என் மனம் ஏன் அதனிற் சிக்கிக்கொண்டது என்று இப்பொழுது உங்களுக்கு விளங்கியிருக்கும். காசித்தும்பை விதை பாப்பியைப் போலப் பல பத்தாண்டுகள் உறங்குவதில்லை. அவை இரண்டையும் ஒன்றென்று கூற நான் வரவில்லை. அந்தக் கோடை ஒன்றே எனக்குப் போதுமானதாயிருந்தது.

ஆகவே, பாப்பிக்கென்று நான் வெட்டிய பாத்தியிற் காசித்தும்பை எழுந்தபோது, களையென்று பிடுங்க என்னால் இயலவில்லை. பாத்தியை அதற்கே விட்டுவிட்டு, பாப்பிக்கு வேறு வழி தேடினேன். அந்த மூன்றாவது முறையைச் சற்று விரிவாகச் சொல்லுகின்றேன். தாழ்நிலத்தில் முயலும் எவருக்கும் அது உதவும்.

முதலிற் காலம். எங்கள் கரையில் இதற்கென இருப்பது ஆறு வாரம் மட்டுமே. மார்கழி நடுவில் விதை முளைத்து, தை முழுவதும் செடி வளர்ந்து, மாசியிற் பூக்கவேண்டும். பங்குனி வெயிலில் அது நில்லாது. ஆகவே கார்த்திகை முடியுமுன்னர், விதையை ஈர மணலோடு பிசைந்து, மூடியுள்ள ஒரு சிறு டப்பாவில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரண்டு வாரம் வைத்தேன். உறையும் தட்டில் வைத்தலாகாது. மாரிகாலம் ஒன்று கழிந்தது என்று விதையை நம்பச் செய்வதே இதன் நோக்கம். பொய்தான், ஆயினும் பிறர்க்குத் தீங்கில்லாத பொய்.

அடுத்தது இடம். பாப்பிக்கு ஆணிவேர் நேராகக் கீழே இறங்கும். நாற்றைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் அந்த வேர் முறியும், செடி பிழைக்காது. நிலத்திலே நேராக விதைப்பதே முறை. நிலத்திலே விதைத்தால் மழை அள்ளிப் போகும். இரண்டுக்கும் நடுவே, பழைய பத்திரிகைத் தாளைச் சுருட்டி, ஒரு சாண் உயரக் குழாய்கள் செய்தேன். ஆற்று மணல் இரண்டு பங்கு, அரிதட்டில் அரித்த கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு கலந்து நிரப்பினேன். எரு கூடினால் இலை மட்டும் செழித்து வரும், பூ வராது. நடும் நாளிற் குழாயோடு சேர்த்து மண்ணில் இறக்கிவிடலாம். தாள் உக்கிப்போகும், வேருக்கு ஒன்றும் நேராது.

எறும்புக்கு நான் பட்ட பாடு தனிக்கதை. நாற்றுக் குழாய்களை ஒரு தட்டில் அடுக்கி, அத்தட்டைத் தண்ணீர் நிறைந்த பெரிய தட்டின் நடுவே செங்கல்லின்மேல் வைத்தேன். ஒவ்வொரு குழாயிலும் நாலைந்து விதை. மண் மூடாமல், விரல் நுனியால் ஓர் அமுக்கு. மேலே, மழை நேரே விழாதபடி, இறவாரத்தின் கீழே ஒரு கிடுகைச் சாய்த்துக் கட்டினேன். வெளிச்சம் வரவேண்டும், மழைத்துளி வரக்கூடாது. தண்ணீரை மேலே ஊற்றாமல் அடித்தட்டிலிருந்து உறிஞ்சச் செய்தேன். மேலே ஊற்றினால் விதை ஒருபுறம் ஒதுங்கும். முளைத்த பின் ஊற்றினாலோ தண்டு அடியிலே அழுகி, மாலையில் நின்ற நாற்று காலையிற் படுத்துக் கிடக்கும்.

நாற்பது குழாய்களுள் பன்னிரண்டில் முளை கண்டது. ஒரே குழாயில் இரண்டு மூன்று எழுந்தால், வலுவான ஒன்றை விட்டு மற்றவற்றைக் கத்தரிக்கோலால் நறுக்கவேண்டும். பிடுங்கினால் பக்கத்து வேரும் சேர்ந்து வரும். இந்த வேலை மனத்துக்குக் கடினமானது. என் மனைவி எனக்காக அதைச் செய்து தந்தார். நான்கு இலை விட்டதும், ஒரு முழ இடைவெளியில், காலை வெயில் பத்து மணி வரை படும் இடத்தில் இறக்கினேன். அதன்பின் மாடத்தில் தூங்கும் கிடுகு நிழல். பன்னிரண்டில் ஐந்தை நத்தை தின்றது. நான்கு காரணம் தெரியாமல் வாடின. மூன்று நின்றன.

மாசி இரண்டாம் வாரத்தில் முதல் அரும்பு தோன்றியது. பாப்பியின் அரும்பு உரோமம் படர்ந்து, தலை கவிழ்ந்து, குற்றஞ்செய்த மாணவனைப் போல நிற்கும். மலரும் நாளுக்கு முந்திய மாலையில் தண்டு நிமிரும். எங்கள் மாணவர் சிலரைக் காலை ஆறு மணிக்கே வரச்சொல்லியிருந்தேன். அரும்பை மூடியிருந்த இரண்டு புல்லிதழ்கள் மெல்லப் பிளந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று விழுந்தன. உள்ளே மடிந்து கிடந்த இதழ்கள் நம் கண்முன்னேயே விரிந்தன; மடிப்பின் கோடுகள் மாறுமுன் ஒரு தேனீ வந்துவிட்டது. பாப்பியில் தேன் இல்லை. தேனீ வருவது மகரந்தத்துக்காக மட்டுமே. அதன் காலில் ஒட்டிய மகரந்தம் கரிய நிறமாயிருந்ததைப் பிள்ளைகள் கண்டார்கள். ஒரு சிறுமி, "சேர், இதுக்குப் போயா மூண்டு வருசம்?" என்று கேட்டாள். மறுநாட் பிற்பகல் இதழ்கள் உதிர்ந்தபோது அக்கேள்வி மீண்டும் என் காதில் ஒலித்தது. நுவரெலியாவிற் பார்த்த பூவின் பாதியளவே அது இருந்தது. மூன்று செடியிலுமாக மொத்தம் ஏழு பூ. பங்குனி பிறக்குமுன் செடிகள் கருகின.

ஆனால் இரண்டு காய் முற்றியது. பாப்பிக் காயைப் பார்க்காதவர்கள் பார்க்கவேண்டும். சிறு கூசாவைப் போலிருக்கும். மேலே ஒரு மூடி. மூடியின் கீழே சுற்றிலும் சாளரம் போன்ற நுண்ணிய துளைகள். காற்றில் தண்டு ஆடும்பொழுது, மிளகுத்தூள்க் குப்பியிலிருந்து தூள் விழுவது போல விதை வெளியே தெறிக்கும். துளைகள் திறக்குமுன் காயைக் காகிதப் பையால் மூடிக் கட்டிவிடவேண்டும். காய் பழுப்பாகி, ஆட்டினாற் கிலுகிலுவென்று ஒலிக்கும் நாளில் வெட்டி, நிழலில் உலர்த்தி வைக்கவேண்டும்.

ஏழு பூவுக்கும் இரண்டு காய்க்கும் இத்தனை பாடா என்பவர்களுக்கு, இங்கிலாந்திற் சேர்லி என்னும் சிற்றூரில் இருந்த வில்லியம் வில்க்ஸ் பாதிரியாரை நினைவூட்டுவேன். 1880 ஆம் ஆண்டளவில், தம் தோட்டத்தின் பயன்படாத மூலையொன்றிற் களையாக முளைத்திருந்த வயற்பாப்பிகளிடையே, இதழோரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு உடைய ஒரே ஒரு பூவை அவர் கண்டார். அதில் அடையாளமிட்டு, அதன் விதையை மட்டும் எடுத்து விதைத்தார். அடுத்த ஆண்டில் ஏறத்தாழ இருநூறு செடிகளில் நாலைந்து மட்டுமே அந்த வெள்ளை ஓரத்தைக் காட்டின. அவற்றின் விதையை எடுத்தார், மற்றவற்றை விலக்கினார். இப்படியே ஆண்டு பலவாகத் தெரிந்தெடுத்து, நடுவிற் கறுப்பே இல்லாத, வெண்மையும் இளஞ்சிவப்பும் கொண்ட புதிய பாப்பி வகையை உண்டாக்கினார். இன்றும் உலகெங்கும் விதைக் கடைகளில் அது சேர்லிப் பாப்பி என்ற பெயரில் விற்கப்படுகின்றது. அவர் செய்ததெல்லாம் ஒரு பூவை உற்றுப் பார்த்ததும், விதையைத் தவறாமல் எடுத்து வைத்ததுமே. எங்கள் வெயிலில் நின்று காய்த்த அந்த இரண்டு காயின் விதை, கடை விதையைவிடச் சற்றேனும் வெயில் தாங்குமோ என்று பார்ப்பதற்கு எனக்கும் ஆசை. ஒரு தலைமுறையில் அது தெரியாது. எனக்கு ஓய்வுபெறும் வயது நெருங்குகின்றது. அதற்குப் பின் பார்க்க நேரமும் இருக்கும்.

புதிதாகத் தோட்டம் இடுவோர் முதலிலே பாப்பியில் தொடங்க வேண்டாம். கிழக்கு மாகாணத்துத் தாழ்நிலத்தில் விதையிட்டு எளிதில் எடுக்கக்கூடியவை காசித்தும்பையும், சீனியாவும், கொஸ்மோசும், வாடாமல்லியும். இவை விரைவில் முளைத்து, இரண்டு மாத அளவிற் பூத்துவிடும். சீனியாவுக்கு வெயில் எவ்வளவும் போதாது. பாப்பியை இவற்றுக்குப் பின்னர், தோற்றாலும் மனம் தளராத ஓர் ஆண்டிற் பாருங்கள். வெளிநாட்டிலுள்ள உறவினர் கடித உறையில் விதை அனுப்புவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள்; உரிய அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இன்றி விதை கொண்டுவருதல் சட்டத்துக்குப் புறம்பு; பயிர்நோயும் அவ்வாறே கடல் கடக்கின்றது.

என் சேகரிப்பில் இருந்த விதையிற் பாதியை, கசகசாவை நட்ட அந்த மாணவனுக்குக் கொடுத்தேன். அவன் வீட்டில் திருநீற்றுப்பச்சை இன்னும் தழைத்து நிற்கின்றதாம். அவனுடைய தாயார் அதைப் பிடுங்க விடவில்லையாம். மீதிப் பாதியைக் குளிரூட்டி, மார்கழிப் பிறையில் விதைத்தேன். தாயாரின் பாத்தியில் இம்முறையும் காசித்தும்பையே எழுந்திருக்கின்றது. வெள்ளை சற்றுக் குறைவு. பாப்பிக் குழாய்களைக் கிணற்றடிக்கு அப்பால், இறவாரத்தின் கீழே வைத்திருக்கின்றேன். இன்று காலை, இங்கு புறப்படுமுன், எண்ணிப் பார்த்தேன். பதினொன்று முளைத்திருந்தன.